அம்மாவுக்கு நுரையீரல் ரத்த அழுத்தத்துக்கு சில்டெனாஃபில் எழுதியிருக்கிறார்கள். அது வயாகரா அல்லவா, மாற்றி எழுதிவிட்டார்களா?

மாற்றி எழுதவில்லை, தைரியமாகக் கொடுங்கள். மருந்துக்கடையில் யாரோ ஒரு மாதிரி பார்த்த பிறகுதான் இங்கே வந்து கேட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

எங்கள் அம்மைக்கு ஸ்கிளீரோடெர்மா, தோல் இறுகும் நோய். ஆனி ஆடி மழையில் குழாயடியில் பாத்திரம் கழுவினால் விரல் நுனிகள் சுண்ணாம்பாய் வெளுக்கும், பிறகு நீலம் பாயும். அடுப்பருகே வந்தால் சிவந்து விண்விண்ணென்று தெறிக்கும். அது பழகிப்போனது. ஆனால் ரப்பர் தோட்டத்திலிருந்து வீட்டுக்கு ஏறும் மேட்டில் நின்று நின்று மூச்சு வாங்க ஆரம்பித்தபோதுதான் பயந்தோம். நுரையீரல் ரத்தக்குழாய்கள் இறுகி, இதயத்தின் வலப்பக்கம் திணறுகிறது என்றார்கள். சில்டெனாஃபில் 20 மில்லிகிராம், மூன்று வேளை.

மார்த்தாண்டத்தில் ஒரு கடையில் சீட்டை நீட்டினேன். கவுண்டரில் இருந்தவர் பக்கத்தில் நின்றவரைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "ஆருக்காக்கும் அண்ணே, மூணு நேரமும்?" என்றார்.

"எங்க அம்மைக்காக்கும்."

அப்புறம் பேச்சில்லை. மருந்து விற்கிறவருக்கே இது தெரியாதென்றால், சீட்டோடு வரும் வயசான பெண்கள் என்ன பாடுபடுவார்கள்?

நான் டாக்டர் இல்லை. பயோகெமிஸ்ட்ரி படித்துவிட்டுத் தேன் வியாபாரம் செய்கிறவன். 'தேன்காரன் மருந்து பேசலாமா' என்று வரப்போகிறவர்கள், கீழே எது பிழை என்று சொல்லிவிட்டுத் திட்டுங்கள்.

ரத்தக்குழாயின் உள்சுவர் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைச் சுரக்கிறது. அது பக்கத்துத் தசைச் செல்லுக்குள் நுழைந்து, ஒரு நொதியைத் தூண்டி சைக்ளிக் ஜிஎம்பி என்ற வேதிப்பொருளை உண்டாக்குகிறது. அது கூடினால் தசை தளர்ந்து குழாய் விரியும். இதைக் கண்டறிந்ததற்கு மூன்று பேருக்கு 1998இல் நோபல் பரிசு கிடைத்தது. வயாகரா விற்பனைக்கு வந்ததும் அதே வருடம்தான். சைக்ளிக் ஜிஎம்பியை உடைத்து அடக்குவது பாஸ்போடையஸ்டரேஸ்-5 என்ற இன்னொரு நொதி. சில்டெனாஃபில் அந்த நொதியின் கையைக் கட்டிப்போடுகிறது, அவ்வளவுதான். அந்த நொதி ஆணுறுப்பில் இருப்பதுபோல நுரையீரல் ரத்தக்குழாய்களிலும் நிறைய இருக்கிறது. இந்த மருந்தை முதலில் சோதித்ததே நெஞ்சுவலிக்குத்தான். நுரையீரல் ரத்த அழுத்தத்துக்கு அமெரிக்காவில் 2005இல் அனுமதி கொடுத்தார்கள். நோய் இதனால் தீராது, மூச்சுத்திணறல் குறையும். அம்மை இப்போது அந்த மேட்டை ஒரே மூச்சில் ஏறாவிட்டாலும் ஏறிவிடுகிறாள்.

செக்கப்புக்குத் திருவனந்தபுரம் போவதுதான் பெரும்பாடு. கல்லும் எம்சாண்டும் ஏற்றிக்கொண்டு கேரளத்துக்குப் போகும் டாரஸ் லாரிகளுக்குப் பின்னால் களியக்காவிளை வரை ஊர்ந்து, அவை விட்டுப்போன குழிகளில் எல்லாம் விழுந்து எழுந்து போக வேண்டும். மலையும் போச்சு, ரோடும் போச்சு. கேட்டால் பெர்மிட் இருக்கிறதாம்.

சரி, முக்கியமான ஒன்று. வீட்டில் யாராவது நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் சார்பிட்ரேட் வைத்திருந்தால் அம்மாவுக்குத் தெரியாமல்கூடக் கொடுத்துவிடாதீர்கள். அது சைக்ளிக் ஜிஎம்பியைக் கூட்டும், இது உடையவிடாமல் பிடித்து வைக்கும். இரண்டும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் உயிருக்கே ஆபத்தாகும் அளவுக்குச் சரியும். ராத்திரி அவசரத்துக்கு எந்த ஆஸ்பத்திரிக்கு ஓடினாலும், வாசலிலேயே இந்த மாத்திரையின் பெயரைச் சொல்லிவிடுங்கள். யார் சிரித்தாலும் சரி.