ஆதன் எந்தப் பாடத்தில் வருவான்?

கேள்வி: அன்புள்ள டீச்சருக்கு, சிலைமானிலிருந்து தினமும் பஸ்ஸில் மதுரைக்குப் போய் பிளஸ் டூ படிக்கிறேன். கணக்கு, உயிரியல் குரூப். போன மாதம் இயற்பியலில் கதிரியக்கம் நடத்தினார்கள். கார்பன்-14இன் அரை ஆயுள் 5730 வருடம் என்று எழுதும்போதே, பக்கத்தில் இருக்கும் கீழடி மியூசியத்தில் பார்த்த 'ஆதன்' என்று கீறிய பானை ஓடு ஞாபகம் வந்தது. அதற்கு எப்படி வயது கண்டுபிடித்தார்கள் என்று கேட்டேன். "அது ஹிஸ்டரி, பரீட்சைக்கு வராது" என்று உட்காரச் சொல்லிவிட்டார்கள். அடுத்த பீரியட் தமிழ். பெல் அடித்ததும் எல்லோரும் நோட்டை மாற்றிவிட்டார்கள். எனக்கு முந்தின பீரியட் மனசுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. இப்படி யோசிப்பது நேரத்தை வீணாக்குவதா?
– பிளஸ் டூ மாணவி, சிலைமான்

பதில்: வீணே இல்லை, தாயி. முதலில் நீ கேட்ட கேள்விக்கே வருகிறேன்.

பானை ஓட்டின் மண்ணை வைத்து கார்பன் கணக்குப் போட முடியாது. கார்பன்-14 என்கிற கதிரியக்கக் கார்பன் உயிருள்ளதில்தான் வந்து சேரும். மரத்தை வெட்டிய அன்றைக்கு வரவு நின்றுபோகும், அப்புறம் செலவு மட்டும்தான், 5730 வருடத்துக்கு ஒரு தடவை இருப்பது பாதியாகும். அதுதான் அரை ஆயுள். அதனால் ஓடு கிடந்த மண்ணடுக்கில் கரித்துண்டு ஏதும் கிடைக்கிறதா என்று தேடுவார்கள். கலையாத மண்ணில் கீழே கிடப்பது முந்தியது, மேலே கிடப்பது பிந்தியது. கரிக்கு வயது தெரிந்தால் கூடக் கிடந்த ஓட்டுக்கும் தெரிந்த மாதிரி. கீழடியில் 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த கரி மாதிரி ஒன்று அமெரிக்க ஆய்வகத்துக்குப் போய் கி.மு. 580 என்று வந்தது. தமிழ்நாடு தொல்லியல் துறை அதை 2019இல் வெளியிட்டது.

சரி, நோட்டை எடு. கி.மு. 580 என்றால் சுமார் 2600 வருடம். 5730ஆல் வகுத்தால் 0.4537. லாக் 2 எவ்வளவு? 0.3010. இரண்டையும் பெருக்கினால் 0.1366. மைனஸ் போட்டு ஆன்ட்டிலாக் பார், 0.73 வரும். அந்தக் கரியில் கார்பன்-14 இன்னும் நூற்றுக்கு 73 பங்கு மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். ஆய்வகத்தில் மிச்சத்தை அளந்து வருடத்துக்குப் போவார்கள், நாம் வருடத்திலிருந்து மிச்சத்துக்கு வந்தோம். அங்கே இன்னும் சில திருத்தங்கள் உண்டு, ஆனால் அடிப்படை இதுதான். ராத்திரி உறை ஊற்றிய பாலில் பாக்டீரியா பெருகுவதும் பேங்கில் கூட்டுவட்டி ஏறுவதும் இதே கணக்குதான். அங்கே ஏறுமுகம், இங்கே இறங்குமுகம்.

இதை எழுதும்போது எனக்கு ஒன்று உறுத்துகிறது. சோழவந்தான் பக்கம் வேலை பார்த்தபோது ஒரு பையன், "லாக் எதுக்கு டீச்சர்?" என்று கேட்டான். "பரீட்சைக்குத்தான்" என்று சொல்லிவிட்டேன். பஸ் ஏற்றிக் கீழடிப் பக்கம் அழைத்துப் போயிருக்கலாம். அப்போது இந்த ஓடெல்லாம் தென்னந்தோப்புக்கு அடியில் கிடந்தது, உண்மைதான். ஆனாலும் அந்தப் பதில் தப்பு. உன்னை உட்காரச் சொன்னதும் தப்புதான்.

இன்னும் தமிழ் பீரியட் பாக்கி இருக்கிறதே. 'ஆதன்' என்பதில் கடைசி எழுத்தைப் பார். வடக்கே அசோகர் கல்வெட்டுப் பிராமியில் 'ன'வுக்குத் தனி எழுத்து கிடையாது. ழ, ள, ற, ன இந்த நாலு ஒலிக்கும் தமிழ்ப் பிராமியில், அதாவது அந்த ஓட்டில் கீறிய பழைய தமிழ் எழுத்தில், தனி வடிவம் வைத்திருந்தார்கள். ஒன்றாம் வகுப்பில் 'ரெண்டு சுழி ன' என்று கத்திப் படித்தோமே, அந்த எழுத்தை ஒரு சாதாரணப் பானையில் பெயர் கீறின கையும் காப்பாற்றியிருக்கிறது. அரை ஆயுள் வயதைச் சொல்லும், பெயரைச் சொல்லாது. பெயரைப் படிக்கத் தமிழ்தான் வேண்டும். ஆதன் என்ற பெயர் சேர மன்னர்களுக்கும் உண்டு, சங்கப் பாட்டில் வரும்.

பரீட்சைக்குப் படிப்பதைக் குறைக்காதே. லாக் தெரியாமல் மேலே போட்ட கணக்கைப் போட்டிருக்க முடியாது. கடைசிப் பக்கத்தில் பாடம் பிரிக்காமல் கேள்விகளை மட்டும் எழுதி வை, போதும்.

மார்ச் முடிந்ததும் மறுபடி மியூசியத்துக்குப் போ. அந்த ஓட்டில் இருக்கிற எழுத்துகளை அப்படியே பார்த்து வரைந்து எனக்கு அனுப்பு. 'ன' எப்படி இருக்கிறது என்று அம்புக்குறி போட்டுக் காட்டு.