ஷுடோ அடித்த கையில் விரல் வெளுக்கிறது, தொடரலாமா?

கேள்வி: எனக்கு 36 வயது. கராத்தே பெல்ட் தேர்வுக்காகச் சில மாதங்களாக ஷுடோ அடியை (கையின் வெளி விளிம்பால் வெட்டுவதுபோல் அடிப்பது) மகிவாராவிலும் (அடித்துப் பழகும் கம்பம்) ஓட்டிலும் பழகுகிறேன். வலது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்துப் போகின்றன. குளிர்ந்த தண்ணீர் பட்டால் வெளுக்கின்றன. கை இறுகும்வரை அப்படித்தான் இருக்கும் என்கிறார் மாஸ்டர். தொடரலாமா?

பதில்: வேண்டாம், இன்றே நிறுத்துங்கள். மரத்துப்போவது மட்டும் என்றால் நரம்பு நசுங்கியிருக்கும் என்று நினைத்திருப்பேன். விரல் வெளுப்பதுதான் கவலை தருகிறது. குளிரில் விரல் வெளுக்கும் ரெய்னாட் கோளாறு பெரும்பாலும் இரண்டு கைகளிலும் வரும். உங்களுக்கோ அடிக்கிற கையில் மட்டும்.

சுண்டு விரல் பக்கம், மணிக்கட்டைத் தாண்டியதும் உள்ளங்கை மேட்டுக்குள் ஹேமேட் என்ற சின்ன எலும்பு கொக்கிபோல் துருத்திக்கொண்டிருக்கும். கைக்கு ரத்தம் கொண்டுபோகும் அல்நார் தமனியும், அல்நார் நரம்பும் அதை ஒட்டியே போகின்றன. மேலே பெரிய பாதுகாப்பு கிடையாது. திரும்பத் திரும்ப அடி விழும்போது தமனி அந்தக் கொக்கியில் நசுங்கி, உள்சுவர் காயப்பட்டு ரத்தம் உறையலாம். உறைந்த துணுக்குகள் விரல் நுனிக்குப் போய் அடைத்தால் விரல் குளிர்ந்து வெளுக்கும்; முற்றினால் நுனியில் புண் வரும். ஹைப்போதீனார் ஹேமர் சிண்ட்ரோம் என்பார்கள். உள்ளங்கையால் ஓங்கித் தட்டி வேலை செய்யும் மெக்கானிக்குகள், தச்சர்களுக்கும் இது வரும்.

தோல் காய்த்துப்போவதால் உள்ளே இருக்கும் தமனி இறுகிவிடாது. மாஸ்டரிடம் இதைத் தயங்காமல் சொல்லுங்கள்.

ரத்தநாள மருத்துவரைச் சில நாட்களுக்குள் பாருங்கள். மணிக்கட்டில் இரண்டு தமனிகளையும் அழுத்தி, ஒன்றை மட்டும் விட்டு, கை சிவக்கிறதா என்று பார்க்கும் ஆலன் பரிசோதனை செய்வார். அப்புறம் ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன். ஹேமேட் கொக்கி முறிந்திருக்கிறதா என்று பார்க்க சி.டி. தேவைப்படலாம், சாதாரண எக்ஸ்ரேயில் அது தப்பிவிடலாம். பலருக்கு ஓய்வும் மாத்திரையும் போதும், சிலருக்கு அறுவை சிகிச்சை. சிகரெட் பழக்கம் இருந்தால் கட்டாயம் விட வேண்டும். விரல் நீலமோ கருப்போ ஆனால், தாங்க முடியாமல் வலித்தால், அன்றே அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

காத்தா பயிற்சியை (எதிராளி இல்லாமல் அசைவுகளை வரிசையாகச் செய்வது), கையில் அடி படாதவரை, தொடரலாம். டாப்ளரில் ரத்த ஓட்டம் சரி என்று வந்தபின் மருத்துவர் அனுமதித்தால், மெத்தென்ற பேடில் மெதுவாக ஆரம்பியுங்கள். அடி கையின் வெளி விளிம்புச் சதையில் விழ வேண்டும். கை உள்ளங்கைப் பக்கமாகச் சாய்ந்தால் பாரம் நேராக அந்தக் கொக்கியில் இறங்கும். ஓடு உடைப்பதை மட்டும் விட்டுவிடுங்கள்.