போர்க்காலப் பொய்கள், ஊடகம், யூத சமயம்: திருகோணமலை வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

சொன்னபடி பதில் எழுதத் தொடங்குகிறேன். ஊடக விமர்சனம், போர்ப் பிரசாரம், யூத சமயம் பற்றிய நூல்கள்தான் நான் வாசித்து வருபவை. அதற்கு வெளியே கேட்டால் வழி மட்டும் காட்டுவேன். மேற்கோள் அனுப்புவோர் நூலின் பெயர், ஆண்டு, பக்க எண் மூன்றையும் சேர்த்து அனுப்புங்கள். இவை இல்லாத மேற்கோளை எனக்கும் அனுப்ப வேண்டாம், வேறு யாருக்கும் அனுப்ப வேண்டாம்.

உவர்மலை வாசகர்: சேர், போர்ப் பிரசாரம் பற்றி ஒரேயொரு புத்தகம் வாசிக்கலாம் எண்டால் எதைச் சொல்லுவீங்கள்?

ஆர்தர் பொன்சன்பி எழுதிய 'ஃபோல்ஸ்ஹூட் இன் வோர் டைம்', 1928. முதலாம் உலகப் போரில் உலாவிய பொய்களை ஒரு பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினரே தோண்டியெடுத்து எழுதினார். தன் நாட்டுப் பொய்களைத் தயங்காமல் எழுதினார் என்பதுதான் அதன் பெருமை.

1917 ஏப்ரலில் லண்டன் பத்திரிகைகள் ஒரு செய்தி போட்டன. போர்முனையில் இறந்த தங்கள் சிப்பாய்களின் உடல்களையே ஜேர்மனியர் தொழிற்சாலையில் காய்ச்சிக் கொழுப்பு எடுக்கிறார்களாம். செய்தி உலகம் முழுக்கப் பரவியது. 1925 இல்தான் பிரிட்டிஷ் வெளிநாட்டமைச்சர் ஒஸ்டின் சேம்பர்லைன், ஜேர்மனியின் மறுப்பை நாடாளுமன்றத்தில் ஏற்றுக்கொண்டார். இடையில் எட்டு வருடம்.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. 1942 இல், போலந்தில் யூதர்கள் கூட்டங்கூட்டமாகக் கொல்லப்படும் தகவல் லண்டனுக்கும் வாஷிங்டனுக்கும் வந்தபோது, போன போரிலும் இப்படித்தானே சொன்னார்கள் என்று சந்தேகப்பட்டவர்கள் பலர். 1943 இல் பிரிட்டிஷ் உளவுத்துறை உயரதிகாரி ஒருவர், நச்சுவாயுக் கொலைகள் பற்றிய செய்திகள் அந்தப் பழைய பிணக் கொழுப்புக் கதையை நினைவூட்டுவதாகவே எழுதிவைத்தார். எதிரியைப் பற்றியதுதானே என்று ஒரு பொய்யைப் பரப்பினால், பின்னால் உண்மையிலேயே சாகிறவர்களின் குரல் எடுபடாமல் போகும். நான் எத்தனை தடவை எழுதினாலும் திரும்பத் திரும்ப எழுதப்போவது இதைத்தான்.

பாலையூற்று: கோயபல்ஸ் 'ஒரு பொய்யை நூறு தடவை சொன்னால் உண்மையாகிவிடும்' என்று எந்த நூலில் சொன்னார்?

எந்த நூலிலும் இல்லை. தேடியவர்கள் யாரும் ஹிட்லரின் பிரசார அமைச்சரான கோயபல்ஸின் எழுத்திலோ உரையிலோ அதைக் காட்டவில்லை. 'பெரிய பொய்' என்ற பேச்சு ஹிட்லரின் 'மைன் காம்ப்' நூலில் வருகிறது. ஆனால் அங்கே அவர் அதைத் தன் உத்தியாகச் சொல்லவில்லை, யூதர்கள் செய்வதாகக் குற்றம்சாட்டுகிறார். பொய் சொல்லுகிறவன் அடுத்தவனைப் பொய்யன் என்பதை அந்தப் பக்கத்திலேயே பார்க்கலாம்.

கிண்ணியா: சேர், உலக ஊடகம் முழுக்க யூதர்களின் கையில்தான். அவர்களுடைய இரகசியத் திட்டமே தமிழில் பிடிஎப் ஆக வட்ஸ்அப்பில் வந்திருக்கு. அதைப் பற்றி ஏன் எழுதுவதில்லை?

எழுதுகிறேன், பொறுமையாக வாசியுங்கள். நீங்கள் சொல்வது 'சீயோன் மூப்பர்களின் நெறிமுறைகள்'. 1903 இல் ரஷ்யப் பத்திரிகை ஒன்றில் தொடராக வந்தது. 1920 மே மாதம் லண்டன் 'டைம்ஸ்' அது உண்மையாக இருக்குமோ என்று கேட்டு எழுதியது. அடுத்த வருடம் ஓகஸ்டில் அதே பத்திரிகையின் நிருபர் பிலிப் கிரேவ்ஸ் அதன் மூலத்தைக் கண்டுபிடித்தார். மொரீஸ் ஜோலி என்ற பிரெஞ்சுக்காரர் 1864 இல், பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியனைத் தாக்குவதற்காக, அரசியல் சிந்தனையாளர்களான மாக்கியவெல்லியும் மொந்தெஸ்கியூவும் நரகத்தில் உரையாடுவதாக ஒரு நூல் எழுதியிருந்தார். யூதச் சதி என்ற பேச்சே அதில் இல்லை. அதில் மாக்கியவெல்லி பேசுவதை எடுத்து, பெயரை மாற்றி, யூத மூப்பர்கள் பேசுவதாகப் போட்டிருக்கிறார்கள். கிரேவ்ஸ் இரண்டையும் பந்தி பந்தியாகப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். அமெரிக்கக் கார் உற்பத்தியாளர் ஹென்றி ஃபோர்ட் 1920 முதல் தன் பத்திரிகையில் இதைப் பரப்பிவிட்டு 1927 இல் மன்னிப்புக் கேட்டார். நோர்மன் கோன் 1967 இல் எழுதிய 'வொரண்ட் ஃபோர் ஜெனொசைட்' இதன் முழு வரலாறு. அந்தக் கள்ள நூல் ஒரு இனக்கொலைக்கு எப்படி உதவியது என்று அதில் பார்ப்பீர்கள்.

மூதூர்: கிரேவ்ஸும் அவர்களுடைய ஆளாக இருக்கலாம்தானே?

யாருடைய ஆளாக இருந்தால் என்ன? இரண்டு நூலும் கிடைக்கின்றன. எடுத்து ஒப்பிடுங்கள்.

கிண்ணியா, மீண்டும்: அப்படியென்றால் காஸாவில் நடப்பதை மறைக்கிற ஊடகத்தைப் பற்றிப் பேசக் கூடாதா?

பேச வேண்டும், தம்பி. அதற்காகத்தான் இவ்வளவு பாடுபட்டு எழுதுகிறேன். இஸ்ரேல் ஒரு அரசு. போர் நடத்தும் எல்லா அரசுகளையும் போல அதற்கும் பிரசாரம் இருக்கிறது. 2023 ஒக்டோபரில் போர் தொடங்கியபின் வெளிநாட்டுச் செய்தியாளர்கள் தாமாகக் காஸாவுக்குள் போக அது விடவில்லை, தன் இராணுவத்தோடு மட்டுமே கூட்டிப்போனது. இதைச் சொல்ல எந்த இரகசியத் திட்டமும் தேவையில்லை. கிரெக் ஃபைலோ, மைக் பெரி இருவரும் 2004 இல் எழுதிய 'பாட் நியூஸ் ஃபுரொம் இஸ்ரேல்' பிரிட்டிஷ் தொலைக்காட்சிச் செய்திகளை வரிவரியாக ஆராய்கிறது. எட்வர்ட் செய்த் 1981 இல் எழுதிய 'கவரிங் இஸ்லாம்' நூலையும் எடுங்கள். அரசைக் குற்றம்சாட்ட உங்களிடம் ஆதாரம் இருக்கும்போது கள்ள நூலைத் தூக்கினால் அந்த ஆதாரத்தையும் சேர்த்து இழப்பீர்கள். அந்த நட்டம் காஸாக்காரருக்கு.

அன்புவழிபுரம்: வெளிநாட்டுக் கதை போதும் சேர். எங்கட ஊரில் நடந்ததுக்கு என்ன பதில்?

இரண்டும் வேறு வேறு இல்லை. 2006 ஜனவரி 2 இல் எங்கள் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்கள் கொண்டுபோன குண்டு வெடித்து இறந்தார்கள் என்று முதலில் சொல்லப்பட்டது. 'சுடர் ஒளி' செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் எடுத்த படங்களில் துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் தெரிந்தன. அதே மாதம் 24 ஆம் திகதி அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். பொய்க்கு எதிராக அவர் வைத்தது ஆவேசப் பேச்சு இல்லை, உடல்களில் இருந்த காயங்களின் படம். அதனால்தான் வேறு யுத்தத்துப் படங்களை எங்கள் படம் என்று போடுகிறவர்கள் மேல் எனக்கு இவ்வளவு கோபம் வருகிறது.

பெயர் இல்லாமல் ஒருவர்: யூதர் அல்லாதவரிடம் பொய் சொல்லலாம் என்று தல்மூத்தில் 'லிப்ரே தாவீது 37' இல் இருக்கிறதாமே?

தல்மூத் என்பது யூத சமய குருமாரான ரபிகளின் சட்ட விவாதங்களின் தொகுப்பு. அதில் அப்படியொரு நூலே இல்லை. தல்மூத்தில் ஒரு இடத்தைக் குறிப்பது மிகவும் எளிது. 1520 களில் டானியல் பொம்பெர்க் வெனிஸில் அச்சிட்ட பதிப்பின் ஏட்டு எண்களைத்தான் இன்றும் பின்பற்றுகிறார்கள். அராகீன் தல்மூத்தின் ஒரு பகுதி. 'அராகீன் 15, பின்பக்கம்' என்றால் எந்த ஊரில் திறந்தாலும் அதே இடம். அங்கே என்ன இருக்கிறது தெரியுமா? அவதூறு மூன்று பேரைக் கொல்கிறது: சொல்பவரை, கேட்பவரை, யாரைப் பற்றிச் சொன்னாரோ அவரை. இதை விரித்து ரபி இஸ்ரவேல் மெயிர் ககான் 1873 இல் 'ஹஃபெட்ஸ் ஹயிம்' என்று ஒரு முழு நூலே எழுதினார். கேட்பதும் குற்றம் என்கிறது அது. பகிர்வதற்கு முன் இதை யோசியுங்கள்.

உப்புவெளி: எங்கட கெஸ்ட் ஹவுசில் தங்கிற சில இஸ்ரேல்காரர் வெள்ளி பின்னேரம் லைட் சுவிட்சையே தொடுறதில்லை. ஏன் ஐயா?

அது சபத் என்ற யூத ஓய்வுநாள். வெள்ளி சூரியன் மறையும்போது தொடங்கி சனி இரவு நட்சத்திரம் தெரியும் வரை. தீ மூட்டுவது தடை, சுவிட்சைப் போடுவதையும் அதோடு சேர்க்கிறார்கள். சமயக் கட்டுப்பாடு உள்ளவர்கள்தான் இப்படி, எல்லாரும் இல்லை. ஏபிரகாம் ஹெஷல் 1951 இல் எழுதிய 'த சபத்' சின்ன நூல், அழகானது.

தம்பலகாமம்: இஸ்ரேலில் பராமரிப்பு வேலைக்கு எப்படிப் போவது?

வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் கேளுங்கள்.

நிலாவெளி: கோயபல்ஸ் சொன்ன அந்த நூறு தடவை...

மேலே பாருங்கள். இதே கேள்வி இன்னும் பலரிடமிருந்து வந்திருக்கிறது. எல்லோருக்கும் இதுதான் பதில்.

சீனக்குடா: 1942 ஏப்ரல் 9 குண்டுவீச்சில் விழுந்த ஜப்பான் விமானக் கணக்கை பிரிட்டிஷார் கூட்டிச் சொன்னதும் பிரசாரமா?

இரு தரப்பும் கூட்டித்தான் சொன்னது. ஆனால் ஒரே விமானத்தை இருவர் சுட்டு இருவரும் கணக்கில் சேர்ப்பது எல்லாப் போரிலும் நடப்பது. எல்லாப் பிழையும் சதி ஆகாது.

சாம்பல்தீவு: நான் ஏ.எல். படிக்கிறேன் சேர், ஊடகத் துறைக்குப் போக விருப்பம். காசில்லாமல் வாசிக்க ஏதும் இருக்கா?

இருக்கு, மகள். வோல்டர் லிப்மன் 1922 இல் எழுதிய 'பப்ளிக் ஒபீனியன்' குட்டன்பர்க் தளத்தில் இலவசம். 1914 இல் ஒரு தீவில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் ஜேர்மனியரும் சேர்ந்து வாழ்ந்ததோடு அது தொடங்குகிறது. தபால் கப்பல் அறுபது நாளுக்கு ஒரு தடவைதான். தங்கள் நாடுகள் போரில் இறங்கியது தெரியாமல் ஆறு கிழமை நண்பர்களாகவே இருந்தார்கள். லிப்மன் அதற்கு முன் 1920 இல் சார்ல்ஸ் மேர்ஸோடு சேர்ந்து 'நியூ யோர்க் டைம்ஸ்' ரஷ்யப் புரட்சி பற்றிப் போட்ட செய்திகளை எண்ணிப் பார்த்தார். புரட்சியில் ஆட்சியைப் பிடித்த போல்ஷெவிக்குகள் விழுந்துவிட்டார்கள், அல்லது விழப்போகிறார்கள் என்று 91 தடவை வந்திருந்தது. அதேபோல நீங்களும் ஒரு பத்திரிகையை ஒரு மாதம் எடுத்து, ஒரே விஷயத்தைப் பற்றி என்ன சொன்னது, அதில் எது நடந்தது என்று கொப்பியில் குறியுங்கள். குறித்ததை எனக்கு அனுப்புங்கள்.