பீர்ல பேண்டேஜ் வாசனை வருது, கொட்டிடவா? (வாசகர் கேள்வி பதில்)

கேள்வி: சார், முதல் தடவையா வீட்ல லாகர் (குளிர்ல மெதுவா புளிக்க வைக்கிற பீர்) போட்டேன். 12 டிகிரில வெச்சேன், ஒன்பதாம் நாள் ஏர்லாக்ல (கேஸை மட்டும் வெளிய விடுற அடைப்பு) குமிழ் நின்னுச்சு, அன்னிக்கே சர்க்கரை சேர்த்து பாட்டில்ல அடைச்சேன். அடைக்கும்போது ருசி பாத்தேன், நல்லாதான் இருந்துச்சு. இப்ப ரெண்டு வாரம் கழிச்சு திறந்தா உருக்கின வெண்ணெய் வாசனை, நாக்குல ஒரு வழவழப்பு வேற. என்ன தப்பு பண்ணேன்?

பதில்: அவசரப்பட்டீங்க, வேற ஒண்ணும் இல்ல. இதுக்குப் பேரு டைஅசிட்டில். ஈஸ்ட் வளரும்போது வாசனையே இல்லாத ஒரு பொருளை வெளிய விடும், அது மெதுவா மாறித்தான் இந்த வெண்ணெய் வாசனை வருது, அதனாலதான் அன்னிக்கு உங்க நாக்குக்கு தெரியல. நல்ல விஷயம் என்னன்னா, ஈஸ்ட்டே அதைத் திரும்ப உறிஞ்சிக்கும், ஆனா அதுக்கு டைமும் கொஞ்சம் சூடும் வேணும். உங்க பாட்டில்ல இன்னும் உயிரோட ஈஸ்ட் இருக்கு, 18-20 டிகிரி இருக்கிற இருட்டு இடத்துல ஒரு ரெண்டு வாரம் விட்டுப் பாருங்க, பெரும்பாலும் குறையும். கூடவே புளிப்பும் ஏறிட்டே போனா அது பாக்டீரியா வேலை, காத்திருந்து பிரயோஜனம் இல்ல.

அடுத்த தடவை ஏர்லாக்கை நம்பாதீங்க. ஹைட்ரோமீட்டர் (பீர்ல சர்க்கரை எவ்வளவு மிச்சம்னு காட்டுற கருவி) ரீடிங் மூணு நாள் அசையாம இருக்கணும். புளிக்கிறது முடியப்போற நேரத்துல 18 டிகிரிக்கு ஏத்தி ரெண்டு மூணு நாள் விட்டு, அப்புறம் இந்த டெஸ்ட் பண்ணுங்க: ரெண்டு கிளாஸ்ல கொஞ்சம் கொஞ்சம் பீர் எடுத்து மூடி வெச்சு, ஒண்ணை மட்டும் 60 டிகிரி சுடுதண்ணில 20 நிமிஷம் நிறுத்தி வெச்சு ஆறவிட்டு, ரெண்டையும் மாத்தி மாத்தி மோந்து பாருங்க. சூடு பண்ணதுல மட்டும் வெண்ணெய் அடிச்சாலும் இன்னும் வேலை பாக்கி இருக்குன்னு அர்த்தம். ரெண்டுலயும் ஒண்ணும் இல்லன்னா தாராளமா அடைக்கலாம்.

கேள்வி: அண்ணா, என் பீர்ல பேண்டேஜ், ஆஸ்பத்திரி மாதிரி வாடை. குழாய்த் தண்ணிதான் யூஸ் பண்ணேன், பாத்திரமெல்லாம் ப்ளீச் போட்டு சுத்தமா கழுவினேன். இன்னும் நாள் வெச்சா போயிடுமா?

பதில்: போகாது தம்பி. இதை மட்டும் கொட்டிடுங்க, மனசு கல்லாக்கிட்டு. நானும் ஒரு காலத்துல இதே மாதிரி 20 லிட்டரை மூணு மாசம் வெச்சு வெச்சு பாத்தேன், வாடை அப்படியே இருந்துச்சு, இடம் அடைச்சதுதான் மிச்சம். ப்ளீச்ல, தண்ணில இருக்கிற குளோரின் பீர்ல இருக்கிற ஃபீனாலோட சேர்ந்து குளோரோஃபீனால் ஆகுது, துளியூண்டு இருந்தாலே மூக்கு கண்டுபிடிச்சிடும். ப்ளீச்சை விட்டுட்டு, கழுவ வேண்டாத சானிட்டைசர் எதாவது வாங்கிக்கங்க. தண்ணிக்கு காம்ப்டன் மாத்திரை (குளோரினை முறிக்கிற மாத்திரை), ஒண்ணு இருந்தா சுமார் 75 லிட்டருக்கு போதும், உங்க 20 லிட்டருக்கு கால் மாத்திரையை நுணுக்கிப் போட்டு கலக்கிட்டு சில நிமிஷம் விட்டா சரி. கொதிக்க வெச்சா குளோரின் போயிடும்னு சொல்வாங்க, அது சரிதான், ஆனா தண்ணில குளோராமின் (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்தது) கலந்திருந்தா அது அவ்வளவு சீக்கிரம் போகாது, மாத்திரைதான் நிம்மதி.

கேள்வி: பச்சை பாட்டில்ல போட்டு ஜன்னலோரம் அழகா அடுக்கி வெச்சேன், இப்ப திறந்தா ஏதோ மிருகத்து நாத்தம்...

பதில்: அழகு பாத்தீங்கள்ல, அதான் விலை. ஹாப்ஸ்னு பீர்ல சேர்க்கிற பூவோட கசப்புப் பொருள் மேல வெளிச்சம் பட்டா உடைஞ்சு, ஸ்கங்க்னு ஒரு பிராணி பீச்சுமே, கிட்டத்தட்ட அந்த மாதிரி ஒரு கந்தக வாடை வரும். நேர் வெயில்ல சில நிமிஷமே போதும். பச்சையும் வெள்ளையும் தடுக்காது, பிரவுன் பாட்டில் ஓரளவு தடுக்கும். அடைச்சதை இனி சரிபண்ண முடியாது. மிச்ச பாட்டிலை அட்டைப்பெட்டில போட்டு மூடுங்க.

கேள்வி: வெந்த மக்காச்சோளம் வாசனை வருது, பில்ஸ்னர் மால்ட்தான் (வெளிர் நிற முளைகட்டின பார்லி) போட்டேன். கேஸ் மிச்சமாகட்டும்னு மூடி போட்டு கொதிக்க வெச்சேன்.

பதில்: அந்த மூடிதாங்க. பில்ஸ்னர் மால்ட்ல இருந்து இந்த மக்காச்சோள வாசனை தர்ற டிஎம்எஸ்னு ஒண்ணு வரும், ஆவியோட வெளிய போக வேண்டியது, நீங்க மூடினதால சொட்டுச் சொட்டா திரும்ப பாத்திரத்துலயே விழுந்துச்சு. மூடாம 60ல இருந்து 90 நிமிஷம் கொதிக்க விடுங்க, இறக்கினதும் சட்டுனு ஆறவையுங்க, சூடா இருக்கிற வரைக்கும் அது உருவாகிட்டேதான் இருக்கும்.

கேள்வி: ஃபர்மென்டர் (பீர் புளிக்கிற பாத்திரம்) திறந்தாலே அழுகின முட்டை நாத்தம். பயமா இருக்கு. நாலு நாள்தான் ஆச்சு, லாகர் ஈஸ்ட்.

பதில்: மூடி வெச்சுட்டு வேற வேலை பாருங்க. லாகர் ஈஸ்ட்னா அப்படித்தான், அந்த நாத்தம் கேஸோட கேஸா வெளிய போயிடும். அடிக்கடி திறந்து பாக்காதீங்க, உள்ள போற காத்துதான் பின்னாடி பீரை நனைஞ்ச அட்டை மாதிரி ஆக்கும்.