மாமியாரின் முழங்காலும் மெக்சிகோவின் கல் தெருக்களும்

கேள்வி: டாலஸில் வசிக்கிறோம். டிசம்பர் 20ஆம் தேதியிலிருந்து ஒன்பது இரவுகள் மெக்சிகோவின் பழைய ஸ்பானிய ஊர்களைப் பார்க்க ஆசை. கெரேத்தரோ, சான் மிகெல் தே அயெண்டே, குவானஹுவாதோ, மொரேலியா, ஸகாதேகாஸ் என்று ஐந்து ஊர் எழுதி வைத்திருக்கிறேன். நான், கணவர், பத்து வயது மகள், ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியார். அவருக்கு முழங்கால் வலி உண்டு, சுத்த சைவம். லிஃப்ட்டும் ஹீட்டரும் உள்ள பெரிய ஹோட்டலில், ஊருக்கு வெளியே பைபாஸ் பக்கம் தங்கலாம் என்கிறார் கணவர். பழைய முற்றம் வைத்த வீட்டில் தங்க வேண்டும் என்பது என் ஆசை. எங்கே தங்கலாம்?

பதில்: முதலில் ஐந்து ஊரை இரண்டாகக் குறைத்துவிடுங்கள். ஒன்பது இரவில் ஐந்து ஊர் என்றால் பாதிப் பகல் பெட்டி கட்டுவதிலும் பஸ்ஸிலும் போய்விடும், முழங்கால் வலிக்காரருக்கு அதைவிடக் கஷ்டம் வேறில்லை. ஸகாதேகாஸ் அழகான வெள்ளிச் சுரங்க ஊர்தான், ஆனால் தூரம், கிட்டத்தட்ட 2,400 மீட்டர் உயரம், டிசம்பரில் நல்ல குளிர். மொரேலியா இளஞ்சிவப்புக் கல்லில் கட்டிய, தனியாக ஒரு பயணம் வைத்துப் பார்க்க வேண்டிய ஊர். இரண்டையும் இந்த முறை விடுங்கள். அவை இருக்கும் மாநிலங்களுக்கு அமெரிக்க அரசு வெளியிடும் பயண எச்சரிக்கையையும் அடுத்த முறை கிளம்புமுன் பார்த்துக்கொள்ளுங்கள்.

என் யோசனை: கெரேத்தரோவில் ஆறு இரவு, குவானஹுவாதோவில் மூன்று இரவு. சான் மிகெல் ஒரு நாள் போய் வருவதற்கு. டாலஸிலிருந்து கெரேத்தரோவுக்கு நேரடி விமானம் இருக்கிறது. திரும்பும்போது குவானஹுவாதோவிலிருந்து டாக்ஸியில் ஏறக்குறைய அரை மணி நேரத்தில் சிலாவோ அருகே இருக்கும் லெயோன் விமான நிலையத்துக்குப் போய், அங்கிருந்து டாலஸுக்கு நேராக வந்துவிடலாம். வந்த வழியே திரும்பும் வேலை இல்லை.

அடுத்து, உங்களுக்கும் உங்கள் கணவருக்கும் உள்ள வழக்கு. உங்களில் சீக்கிரம் களைத்துப்போகிறவர் யாரோ, அவரை வைத்துத்தான் தங்கும் இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இந்த ஊர்களில் காலையில் ஒரு சுற்று, மதியம் ஓய்வு, அப்புறம் மாலை ஏழு மணிக்குமேல் சதுக்கத்தில் கூட்டம் சேரும்போது இன்னொரு சுற்று, இதுதான் நாளின் ஓட்டம். அந்த நேரத்தில்தான் பாட்டிகள் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள், குழந்தைகள் பலூன் வாங்கிக்கொண்டு ஓடுவார்கள், வாத்தியக்காரர்கள் வருவார்கள். உங்கள் மாமியார் மதியம் இரண்டு மணிக்கு "நான் கொஞ்சம் படுக்கிறேன்" என்று சொன்னால் ஐந்து நிமிடத்தில் அறைக்குப் போக முடிய வேண்டும், மாலையில் அவர் மறுபடி இறங்கி வரவும் முடிய வேண்டும். பைபாஸ் ஹோட்டலில் இருந்தால் அவர் ஒருவர் களைத்தாலும் நான்கு பேரும் டாக்ஸி பிடித்துத் திரும்புவீர்கள், திரும்பினால் மாலையில் மறுபடி கிளம்ப யாருக்கும் மனசு வராது. அதனால் ஊருக்குள் தங்கவேண்டும் என்ற உங்கள் பக்கம்தான் நான். ஆனால் லிஃப்ட், ஹீட்டர் பற்றி உங்கள் கணவர் கவலைப்படுவது வீண் கவலை இல்லை.

பழைய வீடுகளைப் பற்றி விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் படத்தில் பார்ப்பது ஒன்று, படுத்துத் தூங்குவது வேறு. கனமான மண் அல்லது கல் சுவர், தெருவைப் பார்த்து ஒரு பெரிய கதவு, உள்ளே முற்றம், அதைச் சுற்றித் தாழ்வாரம், தாழ்வாரத்தில் திறக்கும் அறைகள். பல அறைகளுக்கு முற்றத்தைப் பார்த்துத்தான் ஜன்னல், சிலவற்றுக்குக் கதவைத் தவிர வேறு திறப்பே கிடையாது. அதனால் பகலிலும் இருட்டாக இருக்கும், சில அறைகளில் ஈர வாடை அடிக்கும், வைஃபை அந்தச் சுவரைத் தாண்டித் தடுமாறும். முற்றத்தில் காலை ஏழு மணிக்குத் தட்டு வைக்கிற சத்தம் எல்லா அறைக்கும் கேட்கும். தெருப் பக்கம் பால்கனி வைத்த அறையில் வெளிச்சம் நன்றாக வரும், கூடவே கல் தெருவில் வண்டி ஓடும் சத்தமும் வரும். இதெல்லாம் எனக்குப் பிடித்தவைதான், ஆனால் தெரிந்து போனால்தான் பிடிக்கும்.

சில விடுதிகள் முன்னாள் கன்னிமாடங்கள். 1859இல் மெக்சிகோ அரசு திருச்சபையின் சொத்துகளை நாட்டுடைமையாக்கியபோது மடங்கள் காலியாகி, பள்ளிக்கூடமாக, சிறையாக, படைவீரர் தங்குமிடமாக மாறி, பிற்பாடு சில ஹோட்டல் ஆயின. கெரேத்தரோவில் அப்படி ஒரு முன்னாள் மடத்தில்தான் மெக்சிகோவை ஆண்ட பேரரசர் மாக்ஸிமிலியானை 1867இல் சுட்டுக் கொல்வதற்கு முன் அடைத்து வைத்திருந்தார்கள். அது இப்போது நகர அருங்காட்சியகம். இந்த மாதிரிக் கட்டடத்தில் அறை எடுத்தால் சிறிய அறை, உயரத்தில் சின்ன ஜன்னல் என்று எதிர்பார்த்துப் போங்கள்.

லிஃப்ட் அபூர்வம். வரலாற்றுச் சின்னமாகக் குறித்த கட்டடத்தில் எதை மாற்றவும் தேசிய மானுடவியல், வரலாற்று நிறுவனத்தின் அனுமதி வேண்டும், அதனால் உரிமையாளர் நினைத்தாலும் சுலபமாக லிஃப்ட் வைத்துவிட முடியாது. ஆகவே மாமியாருக்குத் தரைத்தளத்தில் முற்றத்தை ஒட்டிய அறை, உங்களுக்கு வெளிச்சமுள்ள மாடி அறை என்று இரண்டாக எடுங்கள். குளியலறை வாசலில் படி இருக்கிறதா என்றும் கேளுங்கள். பழைய அறைக்குள் பிற்காலத்தில் குளியலறை கட்டியிருப்பார்கள், குழாய் போவதற்காகத் தரையை உயர்த்தியிருப்பார்கள், இரவில் முழங்கால் வலியோடு இறங்கும்போது அந்த ஒரு படி பெரிய விஷயம்.

ஹீட்டர் விஷயத்தில் உங்கள் கணவர் சொல்வது நூறு சதவீதம் சரி. இரண்டு ஊர்களும் ஏறத்தாழ 1,800 முதல் 2,000 மீட்டர் உயரத்தில் இருக்கின்றன, ஊட்டியைவிடக் கொஞ்சம்தான் தாழ்வு. பகலில் வெயில் இதமாக இருக்கும், விடியற்காலையில் பல்லைக் கிட்டும். அந்தச் சுவர்கள் குளிரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், மையச் சூடேற்றி பெரும்பாலும் கிடையாது. அறைக்கு ஒரு மின் ஹீட்டர் தருவார்களா என்று முன்பதிவுக்கு முன்பே எழுத்தில் கேட்டு, பதிலை வைத்துக்கொள்ளுங்கள்.

கெரேத்தரோவை முதல் ஊராகச் சொல்வதற்குக் காரணம் அதன் தரை. மையப்பகுதி பெரும்பாலும் சமதளம், லா க்ரூஸ் என்ற பகுதியின் பக்கம் மட்டும் லேசாக மேடு ஏறும். பல தெருக்களில் வண்டியே கிடையாது, ஒரு சதுக்கத்திலிருந்து அடுத்த சதுக்கத்துக்கு நடந்தே போகலாம், வழியெல்லாம் உட்கார பெஞ்ச். பிளாசா தே அர்மாஸ் சதுக்கத்துக்கும் செனேயா பூங்காவுக்கும் இரண்டு மூன்று தெரு தள்ளி எடுங்கள், சதுக்கத்தின் மேலேயே வேண்டாம், ராத்திரி இசை நிற்க நேரமாகும். வண்டி வராத தெருவில் வீடு என்றால் டாக்ஸி எந்த மூலைவரை வரும், அங்கிருந்து எவ்வளவு நடக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். 74 வளைவுகள் கொண்ட பழைய நீர்க்கால்வாயை மேட்டிலிருந்து மாமியாருக்குக் காட்டுங்கள், அங்கே டாக்ஸியே போகும். டிசம்பர் 24 இரவு பைபிள் காட்சிகளை வண்டிகளில் அமைத்து ஊர்வலம் விடுவது அந்த ஊரின் பழைய வழக்கம், உங்கள் மகளுக்கு அது மறக்காது. ஒருநாள் பேர்னால் கிராமத்துக்குப் போனால் அந்த மாபெரும் ஒற்றைப் பாறையை ஏறாமல் கீழே உட்கார்ந்தே பார்க்கலாம்.

சான் மிகெல் இங்கிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். வார நாளில் போங்கள். அந்த ஊரில் ஏன் தங்கவேண்டாம் என்கிறேன் என்றால், அங்கே அமெரிக்கர்களும் கனடாக்காரர்களும் ஏராளமாக வீடு வாங்கிக் குடியேறியிருக்கிறார்கள், மெக்சிகோ நகரப் பணக்காரர்களும் விடுமுறைக்கு வருவார்கள், கிறிஸ்துமஸ் வாரத்தில் நல்ல அறை எல்லாம் விலை ஏறிவிடும். தெருக்களில் உருண்டைக் கல், நடைபாதை ஒரு ஆள் அகலம், கிழக்குப் பக்கம் செங்குத்தான ஏற்றம். ஊரின் அடையாளமான அந்த இளஞ்சிவப்பு தேவாலய முகப்பு ஸ்பானியர் காலத்தது என்று பலர் நினைக்கிறார்கள், அது 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் செஃபெரினோ குதியேரெஸ் என்ற உள்ளூர்க் கொத்தனார் எழுப்பியது, முறையாகக் கட்டடக்கலை படிக்காதவர் செய்தது என்பதால் எனக்கு அதன்மேல் இன்னும் மரியாதை. நீங்களும் கணவரும் மட்டும் இன்னொரு முறை போனால் மூன்று இரவு அங்கே தங்குங்கள், ஹுவாரெஸ் பூங்கா பக்கமோ சான் அந்தோனியோ பகுதியிலோ தரை கொஞ்சம் சமமாக இருக்கும்.

குவானஹுவாதோதான் இந்தப் பயணத்தின் உச்சம், தங்கும் இடத்தில் தவறு நடந்தால் அதிகம் வதைக்கும் ஊரும் அதுவே. மற்ற ஸ்பானிய ஊர்களில் பெரும்பாலானவற்றைச் சதுரம் சதுரமாகத் திட்டமிட்டுக் கட்டினார்கள். இங்கே வெள்ளி கிடைத்த இடம் ஒரு மலை இடுக்கு, சுரங்கத்தைத் தேடி வந்தவர்கள் சரிவில் கிடைத்த இடத்தில் வீடு கட்டினார்கள், அதனால் பாதித் தெருக்கள் படிக்கட்டுகள். வண்டிகள் பெரும்பாலும் மலைக்கு அடியில் சுரங்கப்பாதையில் ஓடுகின்றன, அதில் முக்கியமான ஒன்று ஒரு காலத்தில் ஆறு ஓடிய தடம். மொட்டை மாடியிலிருந்து ஊர் முழுவதும் தெரியும் வீடு என்று விளம்பரத்தில் படம் இருந்தால், அந்த மாடிக்குப் போக எத்தனை படி என்று கேட்காமல் பணம் கட்டாதீர்கள். டாக்ஸி நிற்கும் இடத்திலிருந்து அறைக் கதவுவரை எத்தனை படி, இந்த ஒரு கேள்வியை அப்படியே அனுப்புங்கள். வளைத்துப் பதில் சொன்னால் அந்த வீடு வேண்டாம்.

யூனியோன் பூங்கா, ஹுவாரெஸ் தியேட்டர் அருகே தங்கினால் எல்லாம் காலடியில். ஆனால் பழைய மாணவர் உடையில் பாட்டுக்காரர்கள் இரவில் கூட்டத்தைச் சந்து சந்தாக அழைத்துப்போவார்கள், மரியாச்சி வாத்தியமும் சேரும், விடுமுறை வாரத்தில் தூக்கம் தாமதம்தான். உங்கள் குடும்பத்துக்கு நான் சொல்வது பசேயோ தே லா பிரேஸா சாலை. பழைய பணக்கார வீடுகள், மரங்கள், வாசல்வரை வண்டி, மையத்துக்கு நிறைய பஸ். மர்ஃபில் பகுதியில் வெள்ளித் தாது அரைத்த பழைய பண்ணைகளைத் தங்குமிடமாக்கியிருக்கிறார்கள், தோட்டம் எல்லாம் அருமை, ஆனால் ஒவ்வொரு முறையும் டாக்ஸி வேண்டும்.

சைவச் சாப்பாட்டுக்கு, குறைந்தது கெரேத்தரோவில் சமையலறை உள்ள வீடாக எடுங்கள். அங்கே பீன்ஸைப் பன்றிக் கொழுப்பில் வதக்குவதும் சாதத்தைக் கோழிச் சாற்றில் வேகவைப்பதும் சாதாரணம், தட்டில் பார்த்தால் தெரியாது. லா க்ரூஸ் சந்தையில் காய், பழம், அவகாடோ, தோர்த்தியா என்ற சூடான சோள ரொட்டி எல்லாம் கிடைக்கும், ஒரு சின்னக் குக்கரையும் பருப்பையும் பெட்டியில் போட்டுக்கொண்டால் மாமியார் நிம்மதியாக இருப்பார். குழாய்த் தண்ணீர் வேண்டாம், வீட்டில் பெரிய குடிநீர்க் கேன் வைப்பார்களா என்று கேளுங்கள். வெந்நீர் எப்படி வருகிறது என்றும் கேளுங்கள்; சிறிய கேஸ் பாய்லராக இருந்தால் நான்காவதாகக் குளிப்பவருக்குத் தண்ணீர் ஆறிப்போகும்.

சொன்ன வாடகையின்மேல் 16 சதவீத மதிப்புக்கூட்டு வரியும் மாநிலத்தின் தங்கும் வரியும் சேருமா, சேர்த்துத்தான் சொன்னார்களா என்று உறுதி செய்யுங்கள். பெசோவுக்கும் டாலர் குறிதான் போடுவார்கள், பயந்துவிடாதீர்கள். விருந்தினர் கருத்துகளில் நட்சத்திரத்தைப் பார்க்காமல், சத்தம், படிக்கட்டு, ஈரம், வெந்நீர் என்ற சொற்களை ஸ்பானியத்தில் மாற்றித் தேடுங்கள், மெக்சிகோக்காரர்கள் எழுதியதுதான் நேர்மையாக இருக்கும்.

கார் எடுக்க வேண்டாம். முதல் வகுப்பு பஸ்கள் வசதியானவை, ஆனால் பகலில் மட்டும் போங்கள், குவானஹுவாதோ மாநில நெடுஞ்சாலைகளில் இரவுப் பயணம் இப்போது நல்லதில்லை. 26ஆம் தேதி பஸ் டிக்கெட்டை முன்பே வாங்கிவிடுங்கள். குவானஹுவாதோ பஸ் நிலையம் ஊருக்கு வெளியே இருக்கிறது, அங்கிருந்து டாக்ஸி. 24 மாலையிலிருந்து 25 முழுவதும் பல கடைகள் மூடியிருக்கும், அந்த இரண்டு நாளுக்கான காய்கறியை 23ஆம் தேதியே வாங்கி வைத்துவிடுங்கள்.