டாக்டர் சொன்னதை மகள் சொன்னாள்

அன்புள்ள அக்கா,

கோலாலம்பூர் செந்தூலிலிருந்து எழுதுகிறேன். மகளுக்குப் பதினாலு வயது, படிவம் இரண்டு படிக்கிறாள். நாலு மாதமாக ராத்திரி தூங்குவதில்லை. பாதி நாள் பள்ளிக்குப் போவதில்லை, அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறாள். வகுப்பாசிரியை சொன்னதால் அரசாங்க கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். டாக்டர் அவளோடு இங்கிலீஷில் ரொம்ப நேரம் பேசினார். ஒன்றுமில்லை, பரீட்சை டென்ஷன்தான் என்று டாக்டர் சொன்னதாக மகள் சொன்னாள். ஆனால் ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்கு ஒரு கடிதம் கொடுத்திருக்கிறார், வரும் செவ்வாய்க்கிழமை போக வேண்டும். அங்கே போனால் பெயர் பதிவாகிவிடும், நாளைக்குக் கல்யாணத்தில் வந்து நிற்கும் என்கிறார் என் வீட்டுக்காரர். கோயிலில் கயிறு கட்டினால் போதும் என்கிறார் மாமியார். தனியாரிடம் போனால் ஒரு மணி நேரத்துக்கு 250 வெள்ளி (ரிங்கிட்) கேட்கிறார்கள். அரசாங்கமா, தனியாரா? நீங்களே சொல்லுங்கள்.

எஸ்.

அன்புத் தங்கைக்கு,

அரசாங்கம்தான். கிளினிக்கில் 1 வெள்ளி, ஆஸ்பத்திரி நிபுணரிடம் 5 வெள்ளி. காத்திருக்க வேண்டியிருக்கும், காத்திருங்கள். பின்னால் தனியார் கௌன்சலரிடம் போவதானால், 1998ஆம் ஆண்டு கௌன்சலர் சட்டப்படி பதிவு செய்தவரா என்று கேளுங்கள். பதிவு எண் கேட்டதும் முகம் சுளிக்கிறவரிடம் பிள்ளையை விடாதீர்கள். கயிறு கட்டுவதானால் கட்டுங்கள், யாரும் தடுக்கவில்லை. கல்யாணம் பேச வருகிறவர்கள் ஆஸ்பத்திரி ஃபைலைப் புரட்டப் போவதில்லை. இன்சூரன்ஸ்காரர் கேட்பார், அது உண்மை. பதினாலு வயதுப் பிள்ளை தூங்காமல் கிடக்கும்போது இதையெல்லாம் கணக்குப் பார்க்க எப்படி மனசு வருகிறது உங்கள் வீட்டுக்காரருக்கு? 2023இல் நாடு முழுக்க எடுத்த சுகாதார ஆய்வில், 5 முதல் 15 வயதுப் பிள்ளைகளில் 16.5 விழுக்காட்டினருக்கு மனநலச் சிக்கல் இருப்பது தெரியவந்தது. 2019இல் அது 7.9. ஆறு பிள்ளைக்கு ஒரு பிள்ளை. உங்கள் வீட்டுக்கு மட்டும் வந்த தலைக்குனிவு இல்லை இது.

சரி, அதை விடுங்கள். என்னைத் தூக்கிவாரிப் போட்டது வேறு ஒரு வரி. டாக்டர் சொன்னதாக மகள் சொன்னாள் என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். ஒன்றுமில்லை என்று சொன்ன டாக்டர் எதற்கு ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுத்தார்? ஒரு தடவையாவது யோசித்தீர்களா?

சில வருடங்களுக்கு முன்னால் அத்தையின் மருந்துக்காக ஒரு கிளினிக்கில் உட்கார்ந்திருந்தேன். ஒரே அறையில் இரண்டு மேசை, நடுவில் ஒரு திரை. திரைக்கு அந்தப் பக்கம் ஒரு பையனும் அம்மாவும். டாக்டர் இங்கிலீஷில் கேட்டார்: "வீட்டில் உன்னை அடிப்பார்களா என்று அம்மாவிடம் கேள்." பையன் அம்மா பக்கம் திரும்பி, "நான் வீட்டுல நல்லா சாப்பிடுறேனான்னு கேக்குறாரு" என்றான். அந்த அம்மாவுக்குச் சந்தோஷம். மீன் குழம்பு இருந்தால் இரண்டு தட்டு சாப்பிடுவான் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். பையன் டாக்டரிடம், "இல்லையாம்" என்றான். டாக்டர் எழுதிக்கொண்டார்.

அந்தப் பையனை நான் ஒரு நாளும் குறை சொல்ல மாட்டேன். அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்போது வேறென்ன சொல்வான்? கோபமெல்லாம் அவனை அந்த நாற்காலியில் உட்காரவைத்த பெரியவர்கள் மேல்தான். அந்த டாக்டரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

நம் வீடுகளில் இது பழகிப்போன விஷயம். மின்சார பில், வங்கிக் கடிதம், பள்ளியிலிருந்து வரும் நோட்டீஸ், எல்லாவற்றையும் பிள்ளைதான் படித்துச் சொல்லும். நமக்கும் அதில் பெருமை. மலாய் தெரியாதவர்கள் இல்லை நாம். சந்தையில் பேசுவோம், பஸ்ஸில் பேசுவோம். ஆனால் பெற்ற பிள்ளை ஏன் தூங்கவில்லை என்று டாக்டர் கேட்கும்போது அந்தப் பேச்சு போதாது, இங்கிலீஷோ சுத்தமாக வராது. உடனே பிள்ளையைப் பார்க்கிறோம். பில் படிப்பதும் இதுவும் ஒன்றா? தன் நோயைத் தானே அம்மாவிடம் எடுத்துச் சொல்ல வேண்டும், அம்மா அழாதபடிக்குச் சொல்ல வேண்டும், அப்பா கத்தாதபடிக்குச் சொல்ல வேண்டும். ஏற்கெனவே தாங்க முடியாமல்தானே அது டாக்டரிடம் வந்திருக்கிறது? உங்கள் மகள் "டென்ஷன்தான்" என்று சொன்னது உங்களைப் பயமுறுத்தக் கூடாது என்றுகூட இருக்கலாம். நல்ல பிள்ளை. அதனால்தான் கவலையாக இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை போனதும் கவுண்டரிலேயே கேளுங்கள்: தமிழ் பேசுகிற டாக்டரோ தாதியோ இருக்கிறார்களா? கோலாலம்பூரில் இது கேட்கக் கூடாத கேள்வி இல்லை. கூச்சப்படாதீர்கள். யாரும் இல்லையென்றால் இரண்டு மொழியும் தெரிந்த ஒரு பெரியவரைக் கூட்டிப்போங்கள். ஆனால் அவர் கேட்டதை வெளியே சொல்லாதவராக இருக்க வேண்டும், மகளுக்கும் அவர் வருவதில் சம்மதம் இருக்க வேண்டும். அப்புறம், டாக்டரிடம் இரண்டு நேரம் கேளுங்கள்: மகள் தனியாகப் பேச ஒரு நேரம், நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும் பேச ஒரு நேரம். மகள் தனியாகப் பேசியதை வீட்டுக்கு வந்து துருவிக் கேட்காதீர்கள். தெரிய வேண்டியதை டாக்டர் உங்களிடம் சொல்வார்.

இன்னும் ஒன்று. வாழப் பிடிக்கவில்லை என்பது மாதிரி அவள் ஏதாவது சொல்லியிருந்தால், சாகணும் போல இருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றால் செவ்வாய்வரை பார்த்துக்கொண்டிருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள், தனியாக விடாதீர்கள். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயப்படவும் வேண்டாம். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309ஆவது பிரிவை 2023இல் நீக்கிவிட்டார்கள். நடுராத்திரியில் பேச ஆள் வேண்டுமென்றால் 1970 முதல் இருக்கிற பிஃப்ரெண்டர்ஸ் என்ற தொண்டர் அமைப்பு, 03-7627 2929. தாலியான் காசே (Talian Kasih) என்ற அரசாங்க உதவித் தொலைபேசி, 15999. அந்த எண்கள் உங்களுக்கும்தான்; நாலு மாதமாக நீங்களும் சரியாகத் தூங்கியிருக்க மாட்டீர்கள்.

கூட வர அக்காவோ, நாத்தனாரோ, கூட வேலை செய்கிறவரோ யாராக இருந்தாலும் இன்றைக்கே போன் செய்யுங்கள். அவர்களும் லீவு கேட்க வேண்டுமே.