16 கோர் வாங்கியும் நிரல் வேகமாகவில்லையே?

உங்கள் பைத்தான் நிரல் ஒரே ஒரு கோரில்தான் (சிபியுவுக்குள் தனியாகக் கணக்கிடும் பகுதி) ஓடுகிறது, மீதி 15-ம் சும்மா இருக்கின்றன. 4 கோர் கணினியை மாற்றி 16 கோர் வாங்கியும் சிமுலேஷன் அதே நேரம்தான் எடுக்கிறது என்றால் பெரும்பாலும் இதுதான் காரணம்.

நிரலை ஓடவிட்டு டாஸ்க் மேனேஜரில் மொத்த சிபியு பயன்பாட்டைப் பாருங்கள். 16-ல் ஒரு பங்கான 6 சதவீதம் பக்கத்திலேயே நின்றால் (ஒரு கோரை இரண்டாகக் காட்டும் ஹைப்பர்திரெடிங் இருந்தால் 3) சந்தேகமே வேண்டாம்.

ஏன் இப்படி? 2004-லேயே இன்டெலின் பென்டியம் 4 சிப்பின் வேகம் 3.8 கிகாஹெர்ட்ஸைத் தொட்டுவிட்டது. டிரான்சிஸ்டர் சுருங்கச் சுருங்க மின்னழுத்தமும் குறையும் என்று 1974-ல் ஐபிஎம் பொறியாளர் டென்னார்ட் காட்டிய கணக்கு அந்தச் சமயத்தில்தான் கைகொடுக்காமல் போனது, சூட்டைத் தாங்க முடியாமல் சிப் செய்பவர்கள் வேகத்தை விட்டுக் கோர்களைப் பெருக்கினார்கள், வேலையைப் பிரிக்கும் பொறுப்பு நிரல் எழுதுபவர் தலையில் விழுந்தது. இனி வரும் கணினிகளும் இப்படித்தான் இருக்கும் என்பதால் இப்போதே பழகிக்கொள்வது நல்லது.

1. திரெடிங் (ஒரே நிரலுக்குள் பல இழைகளாக ஓட்டுவது) வேண்டாம், வழக்கமான பைத்தானில் ஒரு நேரத்தில் ஓர் இழையை மட்டும் ஓடவிடும் ஜிஐஎல் பூட்டு தடுக்கும். வேலையைத் தனித்தனி பிராசஸ்களாக ஓட்டும் மல்டிபிராசசிங் பயன்படுத்துங்கள்.

2. ஒன்றையொன்று சாராத பகுதிகளை மட்டும் பிரித்துக் கொடுங்கள். அப்புறம், 16 மடங்கை எதிர்பார்க்காதீர்கள். கணினி வடிவமைப்பாளர் ஆம்டால் 1967-ல் முன்வைத்த வாதப்படி, வேலையில் 25 சதவீதம் வரிசையாகத்தான் நடக்கும் என்றால் எத்தனை கோர் போட்டாலும் 4 மடங்கைத் தாண்டாது.

எல்லாக் கோரும் முழுசாக ஓடியும் வேகம் கூடவில்லையா? அப்போது சிக்கல் ரேமிலிருந்து தரவு வரும் வேகத்தில் இருக்கலாம், அதற்கு மேலும் பிரிப்பதால் பயனில்லை, தரவை அடுக்கியிருக்கும் விதத்தைத்தான் மாற்ற வேண்டும்.